மிச்சம் பிடித்த எட்டு மாத்திரைகள்

டெலானிபூர் பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் குவார்ட்டர்ஸுக்கு ஐம்பத்தெட்டுப் படிகள். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து ஏறுகிறேன். தோளில் அரிசிப் பையோடு, இடுப்பில் மகளோடு, மழையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, எப்படியெல்லாமோ ஏறியிருக்கிறேன். எத்தனை படி என்று எண்ணியதில்லை. நாற்பத்து மூன்று வயதில் ஒரு சாயங்காலம் முப்பதாவது படியில் நின்றுவிட்டேன். எண்ண ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

நிற்பதற்குக் காரணம் ஒன்று வேண்டுமே. கடலைப் பார்ப்பதுபோல நின்றேன். தீவுக் கப்பல்கள் கிளம்பும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கடலைப் பார்க்கிறவள் நான். வீட்டுக்கு வரும் வழியிலும் அதையே பார்க்க எனக்கு என்ன தலையெழுத்து? ஆனால் பின்னால் ஏறி வந்தவர்கள் நம்பினார்கள். கீழ் வீட்டு வங்காளிப் பெண் என் பக்கத்தில் நின்று, இன்று தண்ணீர் என்ன நீலம் பாருங்கள் தீதி என்று ஹிந்தியில் ரசித்தாள். பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

பிறகு ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். உடம்பு போட்டுவிட்டது என்றார்கள். ரத்தம் குறைவு, பேரீச்சம்பழம் சாப்பிடு என்றார்கள். இந்த வயதில் பெண்களுக்கு இப்படித்தான் என்று ஒருத்தி கண்ணைச் சிமிட்டினாள். என் கணவர் மின்துறையில் வேலை பார்க்கிறவர். கம்பத்தில் ஏறி இறங்கும் உடம்பு அவருக்கு. நீ நடப்பதே இல்லை, அதுதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டிவியைப் போட்டார். எல்லாவற்றையும் நம்பினேன். ராத்திரி சோற்றை நிறுத்தினேன். சாயங்காலமானால் கால் வீங்கியது. அதற்கு கவுண்டர் நாற்காலியைத் திட்டினேன்.

அப்படியே ஏழெட்டு மாதம் ஓடியது. ஒரு ஜூலை மாதக் காலையில், ஹட் பே கப்பலுக்கு வரிசை வாசல் வரை நின்றபோது, மேல் தட்டிலிருந்த பதிவேட்டை எடுக்கக் கையைத் தூக்கினேன். அடுத்து நான் பார்த்தது மின்விசிறியின் அடிப்பாகம். தரையில் கிடந்தேன். கவுண்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர், டிக்கெட் கிடைக்குமா கிடைக்காதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்கு வந்த கோபத்தில்தான் எழுந்து உட்கார்ந்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு எக்கோ எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். நுரையீரலில் பி.பி. அதிகமாக இருப்பதுபோலத் தெரிகிறது, மெயின்லேண்டுக்குப் போய் உறுதி செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பி.பி. என்ற ஒரு சொல்தான் எங்கள் காதில் விழுந்தது. பி.பி. இல்லாத வீடு எங்கள் குவார்ட்டர்ஸில் ஏது? என் கணவர் அன்றைக்கே அபர்டீன் பஜாருக்குப் போய், கையில் கட்டிப் பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கி வந்தார்.

காலையில் கட்டினால் நூற்று நான்கு, அறுபத்தாறு. மாலையில் கட்டினால் நூற்றுப் பத்து, எழுபது. தினமும் காலண்டரில் எழுதி வைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் தனக்கும் கட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பொறாமையோடு பார்த்தார். டாக்டர் யாருடைய படத்தையோ பார்த்துச் சொல்லிவிட்டார் என்று நானே முடிவு செய்தேன். ஊறுகாயை மட்டும் விட்டேன். அந்த மெஷினை நம்பி ஒன்றரை மாதத்தை வீணடித்தேன். அதற்குள் படியில் முப்பது இருபதாகி, இருபது பன்னிரண்டாகிவிட்டது. பன்னிரண்டாவது படியிலிருந்து கடல் தெரியாது. எதிரே ஒரு சுவர்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவளை யார் நம்புவார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துவிட்டுக் குளியலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கதவைத் திறந்து பார்த்த என் கணவர் நீலம் பாரித்திருந்த என் உதட்டைப் பார்த்தார். மறுநாளே டாக்டரைப் பார்த்து, விமானத்தில் ஆக்சிஜனுக்கு ஏற்பாடு செய்து, அந்த வாரமே சென்னைக்குக் கூட்டிப் போனார். இரண்டு மணி நேரமும் என் கையை விடவில்லை. மனுஷன் கல்யாணத்தன்றுகூட அப்படிப் பிடித்ததில்லை. அதனாலேயே விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்தது.

மகள் சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். ஹாஸ்டலிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றாள். கழுத்து நரம்பு வழியாக மெல்லிய குழாயை உள்ளே விட்டு, இதயத்தின் வலது பக்கத்திலும் நுரையீரலுக்குப் போகும் குழாயிலும் அழுத்தம் எவ்வளவு என்று அளந்தார்கள். மறுநாள் டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்கார வைத்துப் பேசினார். என் வயதுதான் இருக்கும். அவசரமில்லாமல் பேசினார்.

உடம்பு முழுக்க ரத்தத்தை அனுப்புவது இதயத்தின் இடது பக்கம். கையில் கட்டுகிற மெஷின் அந்த அழுத்தத்தைத்தான் காட்டும். வலது பக்கத்துக்கு ஒரே ஒரு வேலை, பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ளுவது. அது லேசான வேலை, அதனால் அதன் சுவரும் மெல்லியது. எனக்கு நுரையீரலுக்குள் இருக்கும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் தடித்துச் சுருங்கிவிட்டன. ஏன் என்று எல்லோருக்கும் சொல்ல முடியாது, உங்களுக்கும் காரணம் எதுவும் அகப்படவில்லை என்றார். சுருங்கிய குழாய்க்குள் தள்ளித் தள்ளி வலது பக்கம் வீங்கிப்போயிருக்கிறது. கால் வீக்கம், மயக்கம், படியில் மூச்சு எல்லாம் அதனால்தான்.

எனக்கு உடனே எங்கள் வீட்டு மோட்டார் ஞாபகம் வந்தது. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும். அதைப் பிடித்து மாடித் தொட்டிக்கு ஏற்றுவதற்கு ஒரு சின்ன மோட்டார். ஒரு கோடையில் அது உறுமிக்கொண்டே ஓடி, மூன்றாம் நாள் புகைந்து நின்றது. மெக்கானிக் குழாயை அறுத்துக் காட்டினார். உள்ளே உப்புப் படிந்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. மோட்டார்மேல் தப்பே இல்லை. இதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அதேதான் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, அந்தக் குழாயை மாற்றினீர்கள், இதை மாற்ற முடியாது, மாத்திரையால் விரித்து வைத்திருக்கத்தான் முடியும் என்றார்.

மகள் குனிந்துகொண்டாள். நான் டாக்டரம்மாவின் மேசையிலிருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. வேறு எதுவும் தோன்றவில்லை, பயமாக மட்டும் இருந்தது.

இரண்டு மாத்திரைகள் எழுதினார். எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது, என்னைக் கேட்காமல் குறைக்கவும் கூடாது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். என் கணவரைப் பார்த்து ஒரு தடவை, மகளைப் பார்த்து ஒரு தடவை சொன்னார். மூன்று பேரும் தலையாட்டினோம்.

முதல் மாத்திரை எங்கள் ஊரிலேயே கிடைக்கும். ஆண்கள் படுக்கையறைச் சமாசாரத்துக்காக ரகசியமாக வாங்குகிறார்களே, அதே மாத்திரைதான். அது நுரையீரல் குழாயையும் விரிக்குமாம். அபர்டீன் பஜார் மருந்துக் கடையில் என் கணவர் சீட்டை நீட்டி, ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஒரு மாதத்துக்கு என்று சத்தமாகக் கேட்டிருக்கிறார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தாராம். பின்னால் நின்றவர் இவருடைய ஆபீஸ்காரர். மனைவிக்கு என்று இவர் விளக்கப் போக, விஷயம் இன்னும் மோசமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டார். அந்த வியாதி வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்ததில் மூச்சு வாங்கியது. ஆனாலும் சிரித்தேன்.

இரண்டாவது மாத்திரைதான் வினை. காலை ஒன்று, மாலை ஒன்று. அது தீவில் எந்தக் கடையிலும் கிடையாது. மகள் சென்னையில் வாங்கி, மாதாமாதம் அனுப்ப வேண்டும்.

அனுப்புவது என்றால் எங்கள் ஊரில் கூரியர் இல்லை. ஆள். மெயின்லேண்டிலிருந்து யாராவது வருகிறார்களா என்று விசாரித்து, அவர் கையில் கொடுத்துவிடுவது. மூக்குக் கண்ணாடி, கல்யாணப் பத்திரிகை, சேலைக்கு ஏற்ற பிளவுஸ் துணி, எல்லாம் அப்படித்தான் கடல் தாண்டி வரும். இன்றைக்கு நமக்கு அவர் கொண்டு வருவார், நாளைக்கு நாம் போகும்போது அவர் வீட்டுப் பொட்டலம் நம் பெட்டியில் இருக்கும். இத்தனை வருடம் இங்கே இருந்துவிட்டுக் கூரியரில் அனுப்பினால், இவர்களுக்கு ஊரில் ஒரு மனுஷர்கூடப் பழக்கமில்லையா என்று கேட்பார்கள். அந்தக் கௌரவம் எனக்கு நிறையவே உண்டு.

மாத்திரை வேலை செய்தது. இரண்டு மாதத்தில் ஐம்பத்தெட்டுப் படியையும் ஒரே ஒரு இடத்தில் நின்று ஏறினேன். முப்பதாவது படியில் மறுபடியும் கடல் தெரிந்தது.

அடுத்த மழைக்காலம் வந்தது. அந்த மாதப் பொட்டலத்தை, தன் மகளின் கல்யாணத்தை முடித்துவிட்டுச் சாமான்களோடு கப்பலில் திரும்பும், என் கணவரின் ஆபீஸ்காரர் ஒருவர் கையில் கொடுத்திருந்தாள் என் பெண். கடல் சரியில்லை, கப்பல் சென்னையிலிருந்து கிளம்பத் தாமதமாகும் என்ற செய்தி முதலில் எனக்குத்தான் தெரிந்தது. ஜெட்டியில் வேலை பார்ப்பதில் இது ஒரு சாபம். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. டப்பாவில் இருபது மாத்திரை இருந்தது.

தீவில் குடும்பம் நடத்துகிறவளுக்குக் கப்பல் தாமதம் என்றால் கை தானாகவே சுருங்கும். அரைக் கிலோ வெங்காயத்தில் பத்து நாள் ஓட்டியிருக்கிறேன். ஒரு நாள் பிடித்த தண்ணீரை மூன்று நாள் வைத்துக்கொள்வேன். கேஸ் தீரும் நேரத்தில் ஒரே அடுப்பில் சோறும் பருப்பும் முட்டையும் வேகும். இந்த விஷயத்தில் எங்கள் வரிசையிலேயே என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. இருபது மாத்திரையைப் பார்த்ததும் நான் யோசிக்கவே இல்லை. மாலை மாத்திரையை விட்டேன். ஒரு நாளைக்கு ஒன்று என்றால் இருபது நாள். அதற்குள் கப்பல் வராமலா போகும்?

பெண்ணுக்குச் சொல்லவில்லை. அவளுக்குப் பரீட்சை. கணவருக்கும் சொல்லவில்லை. அவர் தினமும் சாயங்காலம் மாத்திரை போட்டாயா என்று கேட்பார். போட்டாச்சு என்பேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எல்லோரும் பதறும்போது நான் மட்டும் சமாளிக்கிறேன் என்ற பெருமை.

நாலாவது நாள் செருப்பு வார் இறுக்கியது. மழை ஈரம் என்று நினைத்தேன். ஆறாவது நாள் தலையணை இன்னும் ஒன்று கேட்டது. ஏழாவது நாள் கவுண்டரில் ஹிந்தியில் பதில் சொல்லும்போது வாக்கியத்தின் பாதியில் மூச்சு எடுக்க வேண்டியிருந்தது. எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். தெரிந்தது. ஆனால் கப்பல் எந்த நேரமும் வந்துவிடும், வந்தவுடன் இரண்டாகப் போட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது நாள் சாயங்காலம் பதினாலாவது படியில் விழுந்தேன். வங்காளிப் பெண்தான் பார்த்திருக்கிறாள். அவள் போட்ட சத்தத்தில் மேலிருந்து என் கணவர் ஓடி வந்தாராம். எனக்கு நினைவு வந்தபோது மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. மூச்சு இருக்கிறதா இல்லையா என்று நானே உள்ளே கவனித்துக் கவனித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பயத்தை இன்னொருவருக்குப் புரிய வைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். என் கணவர் வீட்டுக்குப் போய் டப்பாவோடு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் எண்ணினார். பதினொன்று இருந்தது. நியாயமாக மூன்றுதான் இருந்திருக்க வேண்டும்.

"எட்டு மாத்திரை மிச்சம் பிடிச்சிருக்கியே," என்றார். "யாருக்கு?"

எங்கள் வீட்டில் மிச்சம் என்பது அதுவரை நல்ல சொல்தான். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை. அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

கப்பல் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. நான் கிடந்த நேரத்தில் அது கடலில் பாதி தூரத்துக்கு மேல் தாண்டியிருக்கிறது. ஒழுங்காக இரண்டு வேளையும் போட்டிருந்தால்கூட, பொட்டலம் வந்து சேரும்போது அன்றைய மாலை வேளைக்கு மாத்திரை இருந்திருக்கும். ஒரு வேளைகூடத் தவறியிருக்காது. இந்தக் கணக்கை ஆஸ்பத்திரிக் கட்டிலில் எத்தனை தடவை போட்டேன் என்று எனக்கே தெரியாது.

பதிமூன்று நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சென்னை டாக்டரம்மா போனில் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வலது பக்கம் முன்னைவிடக் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மறுபடி பழைய நிலைக்கு வருமா என்று பார்க்கலாம் என்றார். மாத்திரை குறைவாக இருந்தால் அதைப் பாதியாக்காமல், அன்றைக்கே தனக்கு ஒரு போன் செய்யச் சொன்னார். ஒரு போன். அது எனக்குத் தோன்றவே இல்லை. கப்பல் வரவில்லை என்றால் இருப்பதைச் சுருக்குவது என்ற ஒரு வழிதான் எனக்குத் தெரிந்திருந்தது.

மகள் பரீட்சை எழுதிய கையோடு வந்து ஒரு வாரம் இருந்தாள். முதல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் என் காலை அமுக்கிப் பார்த்தாள். விரல் பதிந்த குழி நிரம்ப நேரமானது. அதைப் பார்த்துக்கொண்டே, "பரீட்சை அடுத்த வருஷமும் வரும்மா," என்றாள். பிறகு இரண்டு மாத மாத்திரையை முன்கூட்டியே வாங்குவது, கூரியரில் அனுப்புவது என்று அவளே சட்டம் போட்டாள். என் கௌரவத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நான் இப்போது ஒரே மூச்சில் முப்பதாவது படி வரை வருவதில்லை. இருபத்திரண்டில் நிற்கிறேன். அந்த எட்டுப் படிகள் திரும்பவில்லை. குவார்ட்டர்ஸை மாற்றக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கீழே ஒரு வீடு காலியானால் தருவார்கள்.

போன அக்டோபரில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் அந்த மாத்திரைக்குக் கடைகளில் தட்டுப்பாடாகி, ஒரு மாதத்துக்கு மட்டும்தான் கிடைத்தது. அடுத்த மாதத்துக்கானது கிடைத்து மகள் அனுப்புவதற்கும், வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாவதற்கும் சரியாக இருந்தது. கப்பல் இல்லை. இரண்டாவது நாளிலிருந்து விமானமும் இறங்கவில்லை. கூரியர் பொட்டலம் மீனம்பாக்கத்தில் கிடந்தது. ஆறு மாத்திரை இருந்த அன்றே டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். இரண்டு வேளையும் போட்டுக்கொண்டே இருங்கள், தீர்ந்துவிட்டால் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிடுங்கள், அங்கிருக்கும் டாக்டரிடம் நான் பேசி வைக்கிறேன் என்றார்.

அன்று ஜெட்டியில் எல்லாக் கப்பலும் ரத்து என்று பலகையில் எழுதி மாட்டினேன். கல் ஜாயேகா க்யா, நாளைக்குப் போகுமா என்று வரிசையாகக் கேட்டார்கள். தெரியாது என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். மறுநாளும் அதே பலகை.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்குப் போனில் அலாரம் அடித்தது. மழை ஜன்னலில் அறைந்துகொண்டிருந்தது. அட்டையில் மூன்று இருந்தது. என் கணவர் வழக்கம்போலத் தண்ணீர் டம்ளரோடு வந்தார். ஆனால் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அட்டையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

"இன்னிக்கு மட்டும் இதை விட்டுட்டா," என்றார், குரலே எழும்பாமல். "நாளன்னிக்கும் ஒண்ணு இருக்குமில்ல."

எட்டு மாத்திரை யாருக்கு என்று கேட்ட அதே மனுஷன். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கை சுருங்குவது எப்படி என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? உண்மையைச் சொன்னால், அலாரம் அடிப்பதற்கு முன்னால் அரை மணி நேரமாக நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இது வெங்காயம் இல்லீங்க," என்றேன்.

அவர் கையிலிருந்து டம்ளரை நானே வாங்கிக்கொண்டேன். ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்துப் போட்டு விழுங்கினேன். அட்டையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். இரண்டு இருந்தது. நாளைக் காலைக்கு ஒன்று, நாளை மாலைக்கு ஒன்று.